வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. நவம்பர் கூட்டம் மழையால் தள்ளிப்போனது. நூலகத்துக்கு இரும்பு அலமாரி ஒன்று வாங்கப்பட்டது. பொங்கல் விழாவை இளைஞர்கள் சிறப்பாக நடத்தினார்கள்.

இனி கண்காட்சி. போர்ச்சுகல் அரசி இசபெல் புனிதராக அறிவிக்கப்பட்டது 1625 மே 25 அன்று. அதன் 400ஆம் ஆண்டை ஒட்டி, அவரைப் பற்றியும் அவர் நிறுவிய கன்னியர் மடத்தைப் பற்றியும் படப்பலகைகளும் ஒரு மாதிரிக் கட்டடமும் வைத்தோம். "நமக்கெதற்கு போர்ச்சுகல் ராணி?" என்று செயற்குழுவில் எழுந்த கேள்வி கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது. ஒன்றைத் தொடங்கிவிட்டு, அதை நடத்தப் பணம் எங்கிருந்து வரும் என்றும் யோசித்து வைத்தவர் இசபெல். அதற்காகவே அவரைத் தேர்ந்தோம்.

இசபெல் 1271இல், இன்றைய ஸ்பெயினில் அடங்கிய அரகோன் நாட்டின் அரச குடும்பத்தில் பிறந்தவர். 1282இல் மன்னர் தினிஸின் மனைவியாகப் போர்ச்சுகல் வந்தார். ஓபிதோஸ், அப்ராந்தெஸ், போர்த்தோ தெ மோஸ் ஆகிய ஊர்களை மன்னர் அவருக்கு எழுதிக்கொடுத்தார். 1319 முதல் 1324 வரை தினிஸும் மகன் அபோன்சோவும் மோதிக்கொண்ட காலத்தில், அரசி மகன் பக்கம் சாய்கிறார் என்று சந்தேகப்பட்ட மன்னர், அவருடைய வருவாயை நிறுத்தி அலென்கெர் என்ற ஊருக்கு அனுப்பிவைத்தார். வருவாய் கையைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பது அரசிக்கு நன்றாகத் தெரியும்.

போர்ச்சுகலின் கோயிம்பிரா நகரில் மொந்தேகு ஆற்றங்கரையில் சாந்தா கிளாரா மடத்தை முதலில் தொடங்கியவர் மோர் தியாஸ் என்ற சீமாட்டி, ஆண்டு 1283. அதே ஊரின் சாந்தா குரூஸ் மடத்துத் துறவிகள் இதை எதிர்த்து விடாமல் வழக்காடினார்கள். 1311இல் மடம் மூடப்பட்டது. 1314இல் திருத்தந்தையின் (போப்பின்) அனுமதியோடு இசபெல் அதை மறுபடி நிறுவினார். கோயில் வேலையைத் தொமிங்கோஸ் தொமிங்கெஸ் தொடங்க, எஸ்தேவாவோ தொமிங்கெஸ் தொடர்ந்தார். 1330இல் கோயிலைப் புனிதப்படுத்தும் சடங்கான அர்ச்சிப்பு நடந்தது. எளிமையைக் கடைப்பிடிக்கும் துறவு சபைகளின் கோயில்களுக்கு மரக்கூரைதான் வழக்கம். இங்கே நடுக்கூடத்துக்கும் இரு பக்கக் கூடங்களுக்கும் கல் வளைவுக் கூரை. செலவு எவ்வளவு ஆகியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறு ஆண்டே, 1331இல், ஆறு உள்ளே வந்தது. தாழ்வான கரை, வண்டல் மண். ஆற்றுப்படுகை மேடேற மேடேற வெள்ளம் இன்னும் உயரமாக ஏறும். கன்னியர் தளத்தை உயர்த்திக்கொண்டே போனார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயிலின் பாதி உயரத்தில் புதுத் தளமே போட்டு, கீழ்ப்பகுதியை ஆற்றுக்கு விட்டுவிட்டார்கள். அதுவும் போதவில்லை. 1677இல் எதிரே குன்றின் மேல் கட்டிய புது மடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். 1990களில் அகழாய்வு செய்து, நீரை இறைத்த பிறகே பழைய மடத்தின் அடித்தளம் வெளியே தெரிந்தது.

இதைப் பலகையில் எழுதினால் யாரும் படிப்பதில்லை. அதனால்தான் மாதிரிக் கட்டடம். மீன்தொட்டிக்குள் கோயிலை வைத்து, வண்ணம் கலந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் காட்டினோம். தெர்மாகோல் மிதக்கும், ஒட்டுப்பலகை ஊதும், வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும். ஆகவே அக்ரிலிக் தகடும் சிலிக்கான் பசையும்தான் சரி. பசை காய ஒரு நாள் முழுக்க விட வேண்டும். தளங்களைச் சுவரோடு ஒட்டாமல் செருகி எடுக்கும்படி அமைத்தால்தான் ஒவ்வொரு காலத்தையும் தனித்தனியாகக் காட்ட முடியும். பள்ளிப் பிள்ளைகள் சூழ்ந்து நின்றது இந்தத் தொட்டியைத்தான். செலவு அதிகம் என்றவர்கள் இதைக் கவனித்திருக்கலாம், வந்திருந்தால்.

ரோஜாப் பூ அற்புதத்துக்கு ஏன் பெரிய படம் இல்லை என்று ஒரு மனக்குறை. ஏழைகளுக்குக் கொண்டுபோன பொருள் மடியில் ரோஜாவாக மாறியது என்பதுதான் அந்த அற்புதம்; அதே போன்ற கதை, இசபெலின் பாட்டி முறையான ஹங்கேரி எலிசபெத்துக்கும் சொல்லப்படுகிறது. சின்னப் பலகை போதும் என்பதே முடிவு.

பெரிய பலகையை வேறொன்றுக்கு ஒதுக்கினோம். 1325 ஜனவரியில் தினிஸ் இறந்ததும் இசபெல், அந்த மடத்துக் கன்னியரின் கிளாரா சபை உடையை அணிந்தார்; ஆனால் துறவு வாக்கு கொடுக்கவில்லை. ஏழ்மை வாக்கு கொடுத்தால் சொத்து கையில் இருக்காது, கட்டட வேலை நின்றுவிடும். மடத்துக்குப் பக்கத்திலேயே மாளிகையில் இருந்துகொண்டு, மடத்தையும் ஏழைகளுக்கான மருத்துவமனையையும் நடத்தினார். நம் உறுப்பினர்கள் சிலர் உடை அணியாமலேயே ஏழ்மை வாக்கு மட்டும் எடுத்துவிட்டார்களோ என்று பொருளாளர் கேட்கிறார். இரண்டு ஆண்டுச் சந்தா பாக்கி உள்ளவர்களின் பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை. பட்டியல் அலமாரியில் இருக்கிறது.

வரவு செலவு ஏறக்குறையச் சமம். சிறு பற்றாக்குறையைச் செயற்குழுவினர் சிலர் தற்காலிகமாக ஏற்றிருக்கிறார்கள். முழுக் கணக்கு தணிக்கை முடிந்ததும் சுற்றுக்கு வரும். மண்டபம் தந்தவர்களுக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், தேநீர் கொடுத்த மகளிருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு இசபெலின் அண்ணன், அரகோன் மன்னர் இரண்டாம் ஜாயுமேயின் மனைவி எலிசெந்தாவை எடுக்கலாம் என்பது என் எண்ணம். இன்று பார்சிலோனா நகருக்குள் இருக்கும் பெத்ரால்பெஸ் மடத்தை நிறுவியவர். அவர் கல்லறை ஒரே சுவரின் இரு பக்கமும் தெரியும்: கோயில் பக்கம் அரசிக் கோலம், மடத்து முற்றத்தின் பக்கம் துறவுக் கோலம். இதற்கு இரு புறமும் பார்க்கும் மாதிரி வேண்டும். அக்ரிலிக் விலை ஏறியிருக்கிறது. ஜூன் மாதத்துக்குள் எவ்வளவு சந்தா வருகிறது என்பதைப் பார்த்து அளவைத் தீர்மானிக்கலாம். பொறுப்பை ஏற்க வேறு யாராவது முன்வந்தாலும் மகிழ்ச்சியே. தொட்டி இப்போது என் வீட்டு மாடியில் இருக்கிறது, எடுத்துச் செல்லலாம்.

இப்படிக்கு,
செயலாளர்