உச்ச நீதிமன்றமும் 16 ஆண்டு மௌனமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொள்கை வகுப்பது மக்கள் பிரதிநிதிகளின் வேலை, அதில் உச்ச நீதிமன்றம் மூக்கை நுழைக்கலாகாது என்று சென்ற வாரத் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள்.

விசாகா வழக்கு தாங்கள் அறியாததல்ல. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டக் களப்பணியாளர் ஒருவருக்கு 1992இல் நேர்ந்த பாலியல் கொடுமையைத் தொடர்ந்து தொடுக்கப்பட்ட அவ்வழக்கில், தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான அமர்வு 1997 ஆகஸ்ட் 13 அன்று, பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் நெறிமுறைகளை வகுத்து, நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை அவையே சட்டம் என்றது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 2013இல். இடைப்பட்ட 16 ஆண்டுகள் அந்த வேலை யாருடைய மேசையில் கிடந்தது என்பதையும் தலையங்கம் சொல்லியிருக்கலாம்.

நான் தனியார் நிறுவனமொன்றில் கணக்கராக இருந்தவள். 2001இல் மேலதிகாரி ஒருவர்மீது புகார் எழுதி, தங்கள் நாளிதழிலிருந்தே கத்தரித்து வைத்திருந்த தீர்ப்புச் செய்தியையும் இணைத்துக் கொடுத்தேன். அதெல்லாம் அரசு அலுவலகங்களுக்குத்தான் என்றார்கள். தனியாருக்கும் பொருந்தும் என்று தீர்ப்பே சொல்வதைக் காட்டியபின், என்னைக் கிடங்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். சட்டம் வந்தபிறகு ஒரு நாள், பழைய கோப்பொன்றில், அந்த நெறிமுறைகள் கேட்ட புகார்க் குழுவின் உறுப்பினர் பட்டியலில் என் பெயரையே பார்த்தேன். எனக்கு யாரும் சொல்லவில்லை.

நீதிமன்றம் தவறே செய்யாது என்று நான் சொல்லவில்லை. திரையரங்குகளில் தேசியகீதத்தைக் கட்டாயமாக்கிய 2016ஆம் ஆண்டு உத்தரவை அதுவே 2018இல் தளர்த்திக்கொண்டது. ஆனால் காவல்துறைச் சீர்திருத்தத்துக்காக 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் அது இட்ட ஏழு கட்டளைகளை மாநில அரசுகள் பலவும் ஒப்புக்கு நிறைவேற்றி நழுவியபோது, எல்லையைப் பற்றித் தாங்கள் இத்தனை கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் இடங்களில், உள்ளகப் புகார்க் குழுவை அமைத்த ஆணையைப் பலர் கண்ணில் படும்படி வைக்கவேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். தலையங்கம் எழுதப்படும் அறைக்கு வெளியே அது ஒட்டப்பட்டிருக்கிறதா என்று எழுந்து சென்று பார்த்துவிட்டு, அந்த விதியை உள்பக்கத்தில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி