உருளைக்கிழங்கும் அம்மாவும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் கடையில் நீ படம் பிடித்து அனுப்பிய உருளைக்கிழங்குப் பையில் 'கார்த்தொப்லுர்', உன் ஐஸ்லாந்து மொழிப் பாடப்புத்தகத்தில் 'கார்த்தப்லா'. "அச்சுப்பிழையாக இருக்கும், விடு" என்று போனில் சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். இத்தனை வருஷம் இலக்கணம் நடத்தியவள் இப்படி அவசரப்பட்டிருக்கக் கூடாது.

கார்த்தப்லா ஒருமை, பெண்பால். (ஆமாம், அங்கே கிழங்குக்கும் பால் உண்டு.) பன்மையில் கடைசியில் 'உர்' வருகிறது. வரப்போகும் அந்த 'உ'வுக்காக உதடு முன்கூட்டியே குவிய, நடுவில் இருக்கும் 'அ' மாறிவிடுகிறது. நான் 'ஒ' என்று எழுதினாலும் சரியான ஒலி அது இல்லை. உதட்டை 'ஒ'வுக்குக் குவித்துக்கொண்டு நாக்கை 'எ'வுக்கு வைத்துச் சொல்லிப் பார். கண்ணாடி முன்னால் நின்று பழகினேன், உன் அப்பா சிரித்தார்.

ஒருமையில் உருபு ஏறினாலும் அதே கதைதான். கிழங்கை, கிழங்குக்கு, கிழங்கின், எல்லாமே 'கார்த்தொப்லு'. பன்மையில் 'கிழங்குகளின்' என்னும்போது மட்டும் கடைசியில் 'னா' வரும். அங்கே 'உ' இல்லை, அதனால் 'அ' திரும்பி வந்துவிடும். நம் மரம் 'மரத்தை' ஆகும்போது வால்தான் மாறுகிறது. அவர்களுக்கு வயிறே மாறுகிறது!

அப்புறம், எழுத்தில் 'எஃப்' இருக்கும், வாயில் 'ப்' வரும். அதையும் பிழை என்று நினைத்துவிடாதே.

சொல் வந்த வழியும் நன்றாக இருக்கிறது. மண்ணுக்கடியில் விளையும் ஒருவகைக் காளானுக்கு இத்தாலியில் இருந்த பெயர், கிழங்குக்கு ஆகி, ஜெர்மனியில் 'தார்த்துஃபெல்' என்று நுழைந்தது. முதல் 'த' 'க' ஆகி 'கார்த்தோஃபெல்'. அங்கிருந்து டென்மார்க், அப்புறம் ஐஸ்லாந்து. அங்கே பலகைக்கு 'தப்லா' என்று ஒரு சொல் ஏற்கெனவே இருந்தது. வந்த விருந்தாளியான கார்த்தப்லாவும் அதே வாலோடு, அதே மாதிரி உருபேற்கிறது. 1760 வாக்கில் பியோர்ன் ஹால்டோர்சன் என்ற பாதிரியார் அந்தக் குளிரில் கிழங்கு விளைவித்துக் காட்டினாராம். மண் ஆப்பிள் என்று பொருள்படும் 'யார்தெப்லி' என்ற சொல்லும் அவர்களிடம் உண்டு. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது, ஆனால் கடையில் ஜெயித்தது கார்த்தப்லாதான்.

இன்னொன்று. அந்த ஊரில் 'அம்மா' என்றால் பாட்டி! அதுவும் கார்த்தப்லா வகைதான். உருபு ஏறினால் 'ஒம்மு'. கடிதத்தின் அடியில் 'அம்மாவிடமிருந்து' என்று அவர்கள் பாஷையில் போட்டால் 'ஃப்ரௌ ஒம்மு'. உன் அறைத்தோழி பார்த்தால் பாட்டி எழுதியது என்றுதான் நினைப்பாள். அதனால் தமிழிலேயே போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா