செல்விக்கு அம்மா எழுதுவது

தண்டையார்பேட்டை

அன்புள்ள செல்வி,

உன் அண்ணன் பையன் கதிரின் ஜீன் ரிப்போர்ட் வந்துவிட்டது. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

காலையில் முகம் வீங்குவது, ஸ்டீராய்டு கொடுத்தும் சிறுநீரில் புரதம் போவது எல்லாம் உனக்குத் தெரியும். 14-வது குரோமோசோமில் உள்ள சிஓக்யூ6 ஜீன்தான் காரணமாம். நம் செல்கள் கோஎன்சைம் க்யூ10 என்ற பொருளைத் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. அது இல்லாமல் சாப்பாடு சக்தியாக மாறுகிற வேலை ஓடாது. அதைத் தயாரிக்கிற பல நொதிகளில் ஒன்று இந்த ஜீனிலிருந்து வருகிறது. கதிருக்கு அப்பா கொடுத்த பிரதி, அம்மா கொடுத்த பிரதி இரண்டிலும் ஒரே பிழை. அதனால் சிறுநீரக வடிகட்டியின் செல்கள் கெடுகின்றன. காதும் பாதிக்கலாம் என்று அதையும் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் இந்த வகைக்கு அந்தப் பொருளையே மருந்தாகக் கொடுக்கலாமாம். சீக்கிரம் ஆரம்பித்துப் புரதம் குறைந்த குழந்தைகள் இருக்கிறார்கள். மத்தி மீனில் அது இருக்கிறதென்று யாரோ சொல்ல, உன் அப்பா காசிமேட்டிலிருந்து ஒரு கூடை தூக்கிவந்துவிட்டார்! மீனில் சில மில்லிகிராம்தான், இவனுக்குத் தினமும் நூற்றுக்கணக்கில் வேண்டும் என்று டாக்டர் சிரித்தார். கொழுப்போடு போனால்தான் உடம்பில் சேருமாம். நெய்ச்சோறு ஊட்டிவிட்டுக் கொடுக்கிறோம்.

சொந்தக்காரர்கள் உன் அண்ணியைத்தான் பேசுகிறார்கள். பாதி உன் அண்ணன் கொடுத்தது என்று யாருக்கும் உறைக்கவில்லை. அவளுக்கு ஒரு போன் போடு.

சரி, உன் விஷயம். உன் அண்ணனுக்கு என் அண்ணன் வீட்டில் பெண் எடுத்தோம், உன்னையும் அங்கேயே மணிக்குக் கொடுத்தோம். இந்தப் பிழை எங்களைப் பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து எனக்கும் என் அண்ணனுக்கும் வந்திருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஒரு பிரதியில் மட்டும் இருந்தால் நோய் வராது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. உனக்கும் மணிக்கும் தனித்தனியே அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருவருக்கும் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. குழந்தை பெறுவதற்கு முன்னால் இருவரும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். பிழை எந்த இடத்தில் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும். உன் அண்ணனை அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

மணி தயங்கினால் போனை அவனிடம் கொடு. அத்தை சொன்னால் கேட்பான்.

அம்மா