நான்காம் நிலை என்று எழுதும் முன்: நுரையீரல் புற்றுநோய் மருத்துவக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய புற்றுநோய் மருத்துவர்களுக்கும் கதிரியல் வல்லுநர்களுக்கும் வணக்கம்.

நுரையீரலில் தோன்றிய புற்று எதுவரை பரவியிருக்கிறது என்பதைப் பெரும்பாலும் ஸ்கேன் படங்களைக் கொண்டே கணிக்கிறீர்கள். அறுவை சிகிச்சைக்கு வழி உண்டா இல்லையா என்பதும் அவற்றை ஒட்டியே முடிவாகிறது. ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இதுதான்: பெட்-சி.டி.யில் (கதிரியக்கக் குளுக்கோஸ் உடலில் எங்கெங்கே மிகுதியாகச் சேர்கிறது என்று காட்டும் ஸ்கேனில்) ஒளிரும் ஒற்றை இடத்தை மட்டும் நம்பி, திசுப் பரிசோதனை இல்லாமல், ஒருவருக்கு நான்காம் நிலை, அதாவது புற்று உடலின் பிற இடங்களுக்குப் பரவிவிட்ட நிலை, என்று எழுதிவிடாதீர்கள்.

ஊசி வழியே செலுத்திய கதிரியக்கக் குளுக்கோஸ் உடலெங்கும் சென்று சேரும்வரை, நோயாளி ஏறத்தாழ ஒரு மணி நேரம் தனி அறையில் பேசாமல், அசையாமல் படுத்திருக்கிறார். அதற்குள் புற்றணுக்கள் அதை மிகுதியாக உறிஞ்சிக்கொள்கின்றன என்பது உண்மையே. ஆனால் காசநோயால் வீங்கிய நிணநீர்க் கணுவும், சார்காய்டோசிஸ் என்னும் அழற்சி நோயும், அண்மையில் வந்துபோன நிமோனியாவும் அதே போல் உறிஞ்சக்கூடியவை என்பதையும், உறிஞ்சும் அளவைக் குறிக்கும் எஸ்.யு.வி. எண் உயர்ந்திருப்பதை மட்டும் வைத்து இவற்றைப் பிரித்தறிய முடியாது என்பதையும் நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். சி.டி.யிலும் இதே சிக்கல் உண்டு. குறுக்களவு 10 மி.மீ.க்கு மேற்பட்ட கணுவைச் சந்தேகிப்பது வழக்கம் என்றாலும், அதைவிடச் சிறிய கணுவில் புற்று இருக்கலாம், பெருத்த கணு வெறும் அழற்சியாகவும் முடியலாம். அட்ரினல் சுரப்பியில் தென்படும் கட்டி, பல வேளைகளில் தீங்கற்ற அடினோமாதான்.

மூளை இயல்பாகவே குளுக்கோஸை ஏராளமாக எடுத்துக்கொள்வதால், அங்குள்ள சிறு பரவல் பெட் படத்தில் மறைந்துபோகிறது. இரண்டாம், மூன்றாம் நிலை நோயாளிகளுக்கு எம்.ஆர்.ஐ.யைத் தவிர்க்க வேண்டாம்.

கதிரியல் அறிக்கையில் "பரவியிருக்கக்கூடும்" என்று எச்சரிக்கையோடு எழுதப்படும் வரி, சிகிச்சைக் குறிப்புக்குப் போகும்போது "பரவியுள்ளது" என்றாகிவிடுகிறது. எனக்கு மிகுந்த கவலை தருவது இந்த மாற்றம்தான். அதைத் தடுக்க, எந்தக் கணு ஐயத்துக்குரியது, அதன் மாதிரியை எவ்வழியே எடுக்கலாம் என்பதையும் அறிக்கையிலேயே எழுதுங்கள். மார்பின் நடுவிலுள்ள பல கணுக்களை, மூச்சுக்குழாய் வழியே அல்ட்ராசவுண்டு பொருத்திய குழாயைச் செலுத்தி ஊசியால் எட்டிவிட முடிகிறது. பழைய ஸ்கேன் இருந்தால் அதையும் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள்.

பல உறுப்புகளில் பரவல் ஐயமின்றித் தெரியும் நோயாளியின் ஒவ்வொரு புள்ளியையும் ஊசியால் துளைக்கச் சொல்லவில்லை. ஒரே ஓர் இடம் சிகிச்சையின் போக்கையே மாற்றிவிடும் என்றால், அந்த இடத்தின் திசு முடிவு விரைவாகக் கிடைக்க ஏற்பாடு செய்துவிட்டு, அதன் பிறகு நிலையைக் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
நுரையீரல் புற்றுநோயாளிகளின் குடும்பத்தாருள் ஒருவர்