2009 இல வன்னியில பிறந்த பிள்ளையளின்ர உடம்பை ஆர் தொடர்ந்து பாக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்கட பேப்பரில சிறுநீரக வருத்தம் பற்றி ஒரு கட்டுரை வந்தது, அதில முழுக்க முழுக்கத் தண்ணி. அதுக்குக் கொஞ்சம் முதல் போருக்குப் பிந்தின மனநலம் பற்றி இன்னொரு கட்டுரை, அதில தண்ணியும் இல்லை வயலும் இல்லை சாப்பாடும் இல்லை. ரெண்டையும் எழுதினவை நல்லாத்தான் எழுதியிருக்கினம், நான் பிழை பிடிக்க வரேல்லை. ஆனா இஞ்ச வன்னியில இந்த ரெண்டும் ஒரே சனத்தின்ர ஒரே உடம்புக்குள்ளதான் நடக்குது, அதை ஒண்டாச் சேர்த்துப் பாக்கிற ஆராய்ச்சி ஒண்டு எங்களுக்கு வேணும், அதுவும் கெதியா வேணும் எண்டு சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் ஒட்டுசுட்டான் பக்கம் பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிக்கிறன்.

முதல் சிறுநீரகத்தையே எடுப்பம். இந்தக் காரணம் பிடிபடாத வருத்தம் 1990களில பதவியா, மெதிரிகிரிய, மதவாச்சிப் பக்கம்தான் வெளியில தெரிய வந்தது. மதவாச்சி வவுனியாவுக்குப் பக்கத்தில, பதவியா முல்லைத்தீவு எல்லைக்குக் கிட்ட, அங்க இருக்கிற அதே வயல் வேலைதான் இஞ்சயும், அதே வெயில்தான். சுகரும் இல்லை பிரஷரும் இல்லை, நல்லா வேலை செய்துகொண்டிருந்த மனுசன் சோர்வா இருக்கு, சாப்பாடு பிடிக்கேல்லை எண்டு ஆஸ்பத்திரிக்குப் போக, அங்க இரத்தம் எடுத்து கிரியற்றினின் (சிறுநீரகம் வெளியேத்த வேண்டிய கழிவு) பாத்தா கூடிப்போய் நிக்குது. கிரியற்றினின் கூடுது எண்டு தெரியிற நேரம் சிறுநீரகம் செய்யிற வேலையில கிட்டத்தட்டப் பாதி ஏற்கனவே போயிருக்கும், அதுதான் இந்த வருத்தத்தின்ர கொடுமை, அதுவரைக்கும் உடம்பு ஒண்டும் காட்டித் தராது.

இதுக்குக் காரணம் எண்டு எத்தினையைச் சொல்லியாச்சு. ஆசனிக் எண்டினம், கட்மியம் எண்டினம், உலக சுகாதார நிறுவனத்தோட சேர்ந்து செய்து 2013 இல வெளியான ஆய்வு கட்மியத்தைப் பெரிசாச் சொன்னது, பேந்து கிளைபோசேட் எண்ட களைநாசினி எண்டு சத்தம் எழும்பி 2015 இல அரசாங்கம் அதைத் தடையே செய்தது, கடினத் தண்ணியும் புளோரைட்டும் சேர்ந்து செய்யுது எண்டு ஒரு பகுதி, எலிக்காய்ச்சல் வந்து போன சிறுநீரகம் பேந்து பழையபடி வாறேல்லை எண்டு இன்னொரு பகுதி. இதுக்குள்ள எங்கயோ இருக்கிற எல் சல்வடோரிலயும் நிக்கரகுவாவிலயும் கரும்பு வெட்டுற தொழிலாளியளுக்கும் இதே மாதிரி வருத்தம், அங்க ஆராய்ஞ்ச ஆக்கள் கொதிக்கிற வெயிலுக்குள்ள தண்ணி காணாம மணித்தியாலக் கணக்கா உடம்பை முறிச்சு வேலை செய்யிறதைத்தான் முக்கியமாச் சொல்லினம், வேலையிடத்தில நிழலும் ஓய்வும் தண்ணியும் குடுத்துப் பாத்து சிறுநீரகத்தில வாற பாதிப்புக் குறையுது எண்டும் காட்டியிருக்கினம். எங்கட சிறுபோக வெயிலுக்குள்ள மருந்து ராங்கியை முதுகில காவிக்கொண்டு நிக்கிற ஆக்களுக்கு இந்த நிழல் கதையை ஆர் சொல்லுறது?

தண்ணியை நான் தள்ளி வைக்கேல்லை. வகுப்பில பிள்ளையள் சிரிக்கேக்குள்ள முன்பல்லில மண்ணிறக் கறை தெரியும், அது பல்லு விளக்காத கறை இல்லை, பல்லு உருவாகிற வயசில கூடின புளோரைட் போனதால வந்தது, அதுக்காகப் பிள்ளையளைப் பேசுற அம்மா அப்பா இப்பவும் இருக்கினம், தயவு செய்து பேசாதேங்கோ. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் வரைக்கும் விட்டிருக்குது, இலங்கைத் தரம் 1 மில்லிகிராம், ஏனெண்டா வெக்கை கூடின இடத்தில சனம் கூடத் தண்ணி குடிக்கும், அதோட புளோரைட்டும் கூட உள்ள போகும். கொதிக்க வைச்சா எல்லாம் சரி எண்டு நினைக்கிற ஆக்களுக்கும் இதைச் சொல்லோணும், கொதிக்க வைச்சா கிருமி சாகும், புளோரைட் போகாது, தண்ணி வத்த வத்த அது கூடத்தான் செய்யும்.

ஆனா ஒரே கிணத்துத் தண்ணியைக் குடிச்ச அயலட்டையில ஒருத்தருக்கு வருத்தம் வருது, மற்றவருக்கு வாறேல்லை, இது ஏன்? இஞ்சதான் நான் சொல்ல வந்த விசயம் இருக்குது. எங்கட சிறுநீரகம் ஒவ்வொண்டுக்குள்ளயும் சராசரியா பத்து லட்சம் அளவில நெப்ரோன் எண்ட சின்னச் சின்ன வடிகட்டியள் இருக்குது, ஏஎல் உயிரியல் படிச்ச எல்லாருக்கும் தெரியும். தெரியாத பகுதி என்னெண்டா அந்த எண்ணிக்கை ஆளுக்காள் நிறைய வித்தியாசம், இன்னொண்டு, அது முழுக்க அம்மாவின்ர வயித்துக்குள்ளயே 36 கிழமைக்குள்ள உருவாகி முடிஞ்சிடும், பிறந்தாப்பிறகு புதுசா ஒண்டு கூட வராது. நெப்ரோன் குறைவாப் பிறந்தா பேந்து பிரஷரும் சிறுநீரக வருத்தமும் வாறதுக்கு இடம் கூட எண்டு பிரெனர் எண்ட டொக்டரும் அவரோட வேலை செய்தவையும் 1988 இலயே எழுதியிருக்கினம், நிறை குறைஞ்சு பிறக்கிற பிள்ளைக்கு நெப்ரோனும் குறைவு எண்டு ஆய்வுகள் சொல்லுது. அப்ப குறைஞ்ச நெப்ரோனோட பிறந்த பிள்ளை ஒண்டு, கூடின புளோரைட் தண்ணியைக் குடிச்சு, பதினெட்டு வயசில வெயிலுக்குள்ள வயலுக்கு இறங்கினா, மற்றவைக்கு வராதது இந்தப் பிள்ளைக்கு வரலாம் தானே. இதைத் தண்ணியை மட்டும் அளந்து கண்டுபிடிக்கேலாது.

நெதர்லாந்தில 1944 கடைசியில இருந்து 1945 வசந்தம் வரைக்கும் ஜெர்மன்காரர் சாப்பாட்டு வழியை அடைச்சு ஒரு பஞ்சம் வந்தது, ஒரு நாளுக்கு ஒருத்தருக்குக் கிடைச்ச பங்கீடு ஆயிரம் கலோரிக்குக் கீழ போனது, அதைவிடக் கீழயும் போனது. அந்த நேரம் வயித்தில இருந்த பிள்ளையளைப் பேந்து வளர்ந்த காலத்தில தேடிப் பிடிச்சு ஆராய்ஞ்சிருக்கினம். கர்ப்பத்தின்ர தொடக்கத்தில பஞ்சத்தில அடிபட்டவைக்கு இதய வருத்தம் கூட, மனச்சிதைவு நோய் வந்த அளவும் கூட, கர்ப்பத்தின்ர நடுப்பகுதியில அடிபட்டவைக்கு ஐம்பது வயசளவில சிறுநீரில அல்புமின் எண்ட புரதம் போறது கூட, அது சிறுநீரகம் சேதமாகத் தொடங்கின அடையாளம். 2008 இல வந்த ஆய்வு இன்னும் ஒருபடி மேல போய், ஆறு பத்தாண்டு கழிச்சும் அந்த ஆக்களின்ர டிஎன்ஏயில ஒரு வளர்ச்சி ஜீனுக்கு மேல இருக்கிற இரசாயன அடையாளம் மாறியிருக்கிறதைக் காட்டினது. ஒரே பஞ்சம், அது இதயத்தையும் மனசையும் சிறுநீரகத்தையும் ஜீன் வேலை செய்யிற விதத்தையும் தொட்டிருக்குது. இதில பலதும் தெரிய வந்ததுக்குக் காரணம் அங்கத்தை ஆஸ்பத்திரியளில அந்தக் காலத்துப் பிறப்புப் பதிவுகள் பத்திரமா இருந்ததுதான்.

இப்ப எங்கட கதைக்கு வாறன். போரின்ர கடைசியில, 2009 தை மாசத்தில இருந்து வைகாசி வரைக்கும் புதுமாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் எண்டு கஞ்சியோட உயிரைப் பிடிச்சுக்கொண்டு பங்கருக்குள்ள இருந்த கர்ப்பிணி அம்மாமார் எத்தினை பேர், அதுக்குப் பிறகு செட்டிகுளம் முகாமில பிள்ளை பெத்தவை எத்தினை பேர். அந்தப் பிள்ளையள் இப்ப ஓஎல், ஏஎல் வகுப்பில இருக்கினம், நான் அவைக்குத்தான் படிப்பிக்கிறன். பசி, செல் அடி, நித்திரை இல்லாமை, தண்ணி இல்லாமை எல்லாம் ஒண்டா அந்த அம்மாமாரின்ர உடம்புக்குள்ளால போய் இந்தப் பிள்ளையளைத் தொட்டிருக்குது. இவையை ஆரும் பேர் வைச்சு, வயசு வைச்சு, வருசா வருசம் தொடர்ந்து பாக்கினமோ? அப்பிடி ஒரு பதிவு இருந்தா வெளியில சொல்லுங்கோ, இல்லாட்டி இப்பவே தொடங்குங்கோ. கிளினிக் கொப்பி, பிள்ளையின்ர நிறை எழுதின கார்ட் எல்லாம் இடம்பெயர்வில துலைஞ்சு போச்சுது, ஆனா அம்மாமார் இருக்கினம். எந்த மாசம் எந்த இடத்தில இருந்தனாங்கள், எத்தினை நாள் சோறு காணேல்லை, பிள்ளை பிறக்கேக்குள்ள எவ்வளவு சின்னனா இருந்தது எண்டு ஒண்டும் மறக்காமச் சொல்லுவினம். அவையும் இல்லாமப் போனாப் பிறகு இந்தத் தகவலை உலகத்தில எங்கயும் எடுக்கேலாது.

மனசைப் பற்றியும் சொல்லோணும். போர் முடிஞ்ச கையோட 2009 இல யாழ்ப்பாண மாவட்டத்தில எடுத்த ஆய்வு ஒண்டு 2011 இல அமெரிக்க மருத்துவச் சங்கத்தின்ர சஞ்சிகையில வந்தது, அதில பதகளிப்பு 32.6 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம், அதுவும் இடம்பெயர்ந்து இருந்த ஆக்களுக்குக் கூட. டொக்டர் தயா சோமசுந்தரம் வன்னிச் சனத்துக்கு வந்தது தனித்தனி ஆக்களின்ர காயம் மட்டும் இல்லை, குடும்பம், ஊர் எண்ட கட்டுமானமே அடிபட்ட கூட்டுக் காயம் எண்டு விளக்கமா எழுதியிருக்கிறார். எங்கட ஆக்கள் ஓபீடிக்குப் போய் மனசு சரியில்லை எண்டு சொல்லமாட்டினம், நெஞ்சு இடிக்குது, தலை சுத்துது, கை கால் எரியுது, நித்திரை வாறேல்லை எண்டுதான் சொல்லுவினம், ஈசிஜி எடுத்துப்போட்டு ஒண்டும் இல்லை எண்டு அனுப்பிவிடுவினம். ஒண்டும் இல்லாம இல்லை. பயமும் ஏக்கமும் வருசக்கணக்கா நிண்டா கோட்டிசோல் எண்ட ஹோர்மோன் இறங்காம நிக்கலாம், அது இரத்தத்தில சீனியைக் கூட்டும், பிரஷரைக் கூட்டும், பிரஷர் சிறுநீரகத்தை அரிக்கும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைக் கேட்டு 2017 மாசியில கிளிநொச்சியில கொட்டில் போட்டு இருக்கத் தொடங்கின அம்மாமாரை யோசிச்சுப் பாருங்கோ, பிள்ளை இருக்கோ இல்லையோ எண்டு தெரியாம, அந்தியேட்டியும் செய்யேலாம, வெயிலுக்குள்ள ரோட்டோரம் இருந்து இருந்தே எத்தினை பேர் செத்துப் போச்சினம். அவையின்ர வருத்தம் மனவருத்தமோ உடல் வருத்தமோ எண்டு பிரிக்க எனக்குத் தெரியேல்லை, பிரிக்கவும் கூடாது. அமெரிக்காவில 1998 இல வந்த பெரிய ஆய்வும் சின்ன வயசில பட்ட கொடுமையள் கூடக் கூட வளர்ந்தாப்பிறகு இதய வருத்தம், நுரையீரல் வருத்தம் எல்லாம் கூடுது எண்டு காட்டினது.

சுற்றாடலை மாத்தினா உயிர் தப்பும் எண்டதுக்கு வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. 1995 அளவில இலங்கையில லட்சத்துக்கு 47 பேர் தற்கொலை செய்த காலம், அதில பெரும்பகுதி விவசாய நஞ்சால, ஆகக் கொடிய நஞ்சுகளை ஒவ்வொண்டாத் தடை செய்ய, பத்து வருசத்துக்குள்ள அந்த எண்ணிக்கை பாதியாக் குறைஞ்சது. சனத்தின்ர துன்பம் பாதியாக் குறைஞ்சதால இல்லை, கொல்லுற சாமான் கைக்கெட்டாமப் போனதால. கடையில என்ன நஞ்சு விக்கலாம் எண்டு முடிவெடுக்கிறதும் மனநல வைத்தியம்தான்.

நான் கேக்கிறது இதுதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம், கிளிநொச்சி அறிவியல் நகரில இருக்கிற அதே பல்கலைக்கழகத்தின்ர விவசாய, பொறியியல் பீடங்கள், வவுனியாப் பல்கலைக்கழகம், மாகாண சுகாதாரத் திணைக்களம் எல்லாம் ஒரு மேசையில இருந்து, 2009 இலயும் அதுக்கு முன்பின்னான வருசங்களிலயும் பிறந்த வன்னிப் பிள்ளையளை இருபது முப்பது வருசம் தொடர்ந்து பாக்கிற ஆய்வு ஒண்டைத் தொடங்கோணும். வருசத்துக்கு ஒருக்கா பிரஷர், சிறுநீரில அல்புமின், நிறை, உயரம், வீட்டுத் தண்ணி, என்ன வேலை செய்யினம், எப்பிடி நித்திரை கொள்ளினம், மனசு எப்பிடி இருக்குது. இதில பெரும்பகுதி விலை கூடின ரெஸ்ட் இல்லை. ஏலாது எண்டு சொல்லாதேங்கோ, ஒரு காலம் மலேரியாவுக்குப் பேர் போன வன்னி இது, போர்க்காலத்திலயும் காய்ச்சல்காரரின்ர இரத்தம் எடுத்துப் பாத்து, வீடு வீடாப் போய்த்தான் அதை ஒழிச்சது, 2016 இல இலங்கையை மலேரியா இல்லாத நாடு எண்டு உலக சுகாதார நிறுவனம் சொன்னதில எங்கட மிட்வைஃப் மார், பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மாரின்ர உழைப்பும் இருக்குது.

ஆனா சனம் இன்னொருக்கா நம்போணும் எண்டா ஒரு விசயம் மாறோணும். எங்கட ஊரில வந்து கிணத்துத் தண்ணி எடுத்திருக்கினம், இரத்தம் எடுத்திருக்கினம், நீட்டுக் கேள்விக் கொத்து ஒண்டு நிரப்பினவை, அழுதழுது பதில் சொன்ன அம்மாமாரை நான் பாத்தனான், றிசல்ட் எண்டு ஒரு துண்டுக் கடதாசி ஒருத்தருக்கும் வரேல்லை. உங்கட கிணறு குடிக்கலாமோ குடிக்கக் கூடாதோ, அதையாவது சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம். ஆய்வு செய்யிற ஆக்கள் முதலே எழுத்தில சொல்லோணும், இத்தினை மாசத்தில உங்கட றிப்போட் உங்கட கையில, வருத்தம் கண்டா இன்ன கிளினிக்கில வைத்தியம் எண்டு. பேர் விவரம் வெளியில போகக் கூடாது, சிறுநீரக வருத்தம் உள்ள ஊர் எண்டு சொல்லி எங்கட பொம்பிளைப் பிள்ளையளுக்குக் கலியாணம் குழம்பின கதையள் இருக்குது, அதை லேசா எடுக்காதேங்கோ. பதினெட்டு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையிட்டயும் அம்மா அப்பாவிட்டயும் ரெண்டு பேரிட்டயும் கேட்டுத்தான் செய்யோணும், வேண்டாம் எண்டு சொன்னா விட்டுவிடோணும்.

2009 இல பிள்ளை பெத்த அம்மாமாருக்கும் உங்கட பேப்பருக்குள்ளால ஒண்டு சொல்லுறன், ஞாபகத்தில இருக்கிறதை ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ, எழுத ஏலாட்டிப் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கோ, மாசம், இடம், சாப்பாடு, பிறந்த நிறை, வந்த வருத்தம். வயலுக்குப் போற வீட்டுக்காரர் வருசத்துக்கு ஒருக்காவாவது சிறுநீர் ரெஸ்ட் எடுத்துப் பாருங்கோ. ஆசிரியர் அவர்களே, நீங்கள் மருத்துவ பீடத்திட்டயும் மாகாண சுகாதார அதிகாரியளிட்டயும் இந்தக் கேள்வியைக் கேட்டு அவை சொல்லுற பதிலை அப்பிடியே பேப்பரில போடுங்கோ.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியை ஒருத்தி,
ஒட்டுசுட்டான்.