அந்தப் பிள்ளையின் மைக்கைக் குறைத்தது பிழை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதிச் சனசமூக நிலைய ஆண்டு விழாவில் பாடிய ஒரு பெண்பிள்ளையைக் கண்டித்து, சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பேச்சு வழக்கில் பாடியது மேடைக்கு அவமரியாதை என்கிறார். தாளம் அந்நியத் தாளம் என்கிறார். இவ்வளவு இழப்பைக் கண்ட மண்ணில் கடனையும் வறுமையையும் வைத்துச் சிரிப்பு மூட்டலாமா என்றும் கேட்கிறார். லண்டனில் யாரோ ஒருத்தி பாடியதைக் கேட்டுக் கெட்டுப்போன பிள்ளை என்று ஒரு வரியும் இருந்தது.

அந்த லண்டன் பாடகி லிலி அலனின் பாட்டுகளைப் பிள்ளைக்குக் கேட்கக் கொடுத்தவன் நான். அன்று அவள் பாடும்போது மைக்கின் ஒலியைக் குறைத்தவனும் நான்தான். ஆகவே பதில் எழுத வேண்டியவனும் நானே.

கிளிநொச்சி மாவட்டத்துத் தருமபுரத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது என் தொழில். 1993இல் பதினாறு வயதில் எடுபிடியாகச் சேர்ந்தேன். போரால் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை, எரிபொருளுக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட காலம் அது. கோயில் திருவிழாவுக்குப் புளியமரக் கிளையில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டுவோம். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர் திணறினால் ஒலிநாடாவும் தளரும். சீர்காழி கோவிந்தராஜனின் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கிப் போகும். உடனே ஓடிப்போய் இயந்திரத்தைச் சரிசெய்ய வேண்டும். குரல் மறுபடி ஏறி வந்து தன் இடத்தில் நிற்கும்போது, வீதியில் இருந்த சனம் முழுக்க மூச்சு விடும். ஒரு குரலைச் சனத்திடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே எங்கள் வேலை என்று நான் கற்றுக்கொண்டது அந்த ஜெனரேற்றருக்குப் பக்கத்தில்தான்.

2006 ஜூலை இறுதியில் லண்டனில் இருந்து அக்கா வந்தார், கூட அவருடைய மகளும். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பைகளைக் கொட்டிக் கிளறியதில் தப்பி வந்த பொருட்களில் ஓர் இறுவட்டு இருந்தது. வெளியாகி இரண்டு வாரம் இருக்கும். பாடகி லிலி அலன், வயது 21. தொகுப்பின் பெயர் ‘ஆல்ரைட், ஸ்டில்’, மொத்தம் பதினொரு பாட்டு. ‘ஸ்மைல்’ என்ற பாட்டு அந்த மாதம்தான் பிரித்தானியத் தரவரிசையில் முதலிடம் பிடித்திருந்தது. தொகுப்பும் இரண்டாம் இடம்வரை ஏறியது.

“மாமா, உங்கள் பெரிய பெட்டியில் போட்டுப் பார்ப்போமா?” என்று மருமகள் கேட்டாள்.

போட்டோம். பேஸ் என்ற தாழ்ந்த ஒலி வந்த வேகத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது, கோழிகள் மாமரத்தில் ஏறின. பக்கத்து வளவில் இருந்த தவில் வித்துவான் வேலிக்கு வந்து நின்று, வேலி இடைவெளியான பொட்டுக்குள்ளால் எங்கள் முற்றத்துக்கே வந்துவிட்டார். கண்ணை மூடித் தொடையில் தட்டியபடி கொஞ்ச நேரம் கேட்டார். “அடி சமத்தில் விழவில்லை, தள்ளி விழுகிறது. எங்களுக்கும் அரையிடம் தள்ளி எடுக்கிற உருப்படிகள் இருக்கின்றனதானே,” என்றார். பிறகு அந்தத் தாளத்துக்கு மேல் தன் விரல்களால் ஒரு கோர்வை வைத்துப் பார்த்தார். அது பொருந்தியது. அந்நியத் தாளம் என்று எழுதிய வாசகருக்கு நான் சொல்லக்கூடிய முதல் பதில் அந்த மனிதருடைய விரல்கள். அவர் இன்று இல்லை.

அந்தத் தாளத்துக்குப் பெயர் றெகே. ஜமேக்காவில் பிறந்தது. அதில் கிற்றார் அடியின் மேல் விழாது, இரண்டு அடிகளுக்கு நடுவில் வெட்டும். பேஸ் பின்னால் ஒதுங்கி நிற்காமல் முன்னுக்கு வந்து பாட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கும். ‘ஸ்மைல்’ பாட்டின் அடியில் ஓடுவது ஜாக்கி மிற்றூ என்ற ஜமேக்கக் கலைஞரின் பழைய இசை. லண்டனைச் சுருக்கி ‘எல்டிஎன்’ என்று பெயர் வைத்த பாட்டில் சிரித்துக்கொண்டு வரும் ஊதுகுழல்கள் ரொமி மக்கூக்கின் குழுவினுடையவை. இருவரும் ஸ்கற்றலைற்ஸ் என்ற புகழ்பெற்ற குழுவில் வாசித்தவர்கள். மிற்றூ 1990இலேயே இறந்துவிட்டார். அவர் விரல் பட்ட கீபோர்ட் இசை ஒரு லண்டன் பெண்ணின் பாட்டுக்குள் வந்து, அங்கிருந்து தருமபுரத்துக் கோழிகளை மரத்தில் ஏற்றியது.

இதைப் பின்னாளில் தேடிப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்த இடம் ஒன்று உண்டு. 1950களில் கிங்ஸ்ரன் நகரத்தில், ஏழைகள் ஆடிப்பாட வேண்டும் என்றால் ஒருவர் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளையும் இசைத்தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு வந்து தெருவில் அடுக்குவார். அதற்கு அவர்கள் ‘சவுண்ட் சிஸ்டம்’ என்று பெயர் வைத்தார்கள். அப்படித் தெருவில் பெட்டி அடுக்கிய ஒருவர்தான் கொக்ஸன் டொட். மிற்றூ வாசித்த ‘ஸ்ரூடியோ வன்’ ஒலிப்பதிவுக் கூடத்தைத் தொடங்கியவரும் அவரே. அதாவது ஒலிபெருக்கி கட்டுகிறவன் ஒரு நாட்டின் இசையையே கட்டி எழுப்பியிருக்கிறான். ‘ஸ்மைல்’ பாட்டை எழுதியவர்களின் வரிசையில் மிற்றூவின் பெயரும் டொட்டின் பெயரும் இருக்கின்றன. தாளத்தை எடுத்தவர்கள் அது யாருடையது என்பதையும் எழுதி வைத்தார்கள். எங்கள் பிள்ளையும் அன்று மேடையில் பாடுவதற்கு முன், “இந்தத் தாளம் ஜமேக்காவில் இருந்து வந்தது” என்று சொல்லித்தான் தொடங்கினாள். கடிதம் எழுதியவர் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

லண்டனுக்கு அந்தத் தாளம் எப்படிப் போனது? கப்பலில் போனது. 1948 ஜூன் 22இல் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பலில் இருந்து ரில்பரித் துறைமுகத்தில் பயணிகள் இறங்கியபோது, ஜமேக்காவில் பிழைப்புத் தேடி ஏறிய பல நூறு பேர் அவர்களில் இருந்தார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் ஸ்பீக்கர் பெட்டிகளை மேற்கு லண்டன் தெருக்களிலும் அடுக்கினார்கள். லிலி அலன் பிறந்தது அந்தப் பக்கத்தில், ஹமர்ஸ்மித்தில். தகப்பன் நடிகர், தாய் திரைப்படத் தயாரிப்பாளர். கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளை என்று அவரை நான் காட்ட வரவில்லை. ஆனால் தொகுப்பு வருவதற்கு முன்பே தன் பாட்டுகளை இணையத்தில் தானே போட்டு, சனத்தைக் கேட்க வைத்தவர் அவர்.

மருமகள் எனக்கு வரி வரியாகப் பொருள் சொன்னது ‘எல்டிஎன்’ பாட்டுக்குத்தான். சைக்கிள் பாட்டு என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். வாகனம் ஓட்டும் அனுமதி பறிபோனதால் ஒரு பெண் நாள் முழுக்கச் சைக்கிளில் ஊரைச் சுற்றுகிறாள். நல்ல வெயில். சாமான் பைகளைச் சுமக்க முடியாமல் ஒரு கிழவி போகிறாள், ஒரு பெடியன் உதவ வருகிறான். அடுத்த வரியில் அவன் கிழவியை அடித்துவிட்டுப் பறித்துக்கொண்டு ஓடுகிறான். மெட்டு துளியும் மாறாது, ஊதுகுழல்கள் திருவிழாபோல் போய்க்கொண்டே இருக்கும். ஒருதரம் பார்த்தால் அழகு, இன்னொருதரம் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும் என்று பாடுகிறாள். ஆனாலும் இந்த ஊரை விட்டு வேறு எங்கே போய் இருப்பேன் என்றும் அதே பாட்டில் கேட்கிறாள். அழுக்கைப் பார்த்துவிட்டும் ஊரை விடாதவளின் பாட்டு அது. சைக்கிளில் போகிறவனுக்குத் தெரியும்: பஸ்ஸில் போகிறவன் காணாததை எல்லாம் அவன் காண்பான். வன்னியில் எங்களில் எத்தனை பேருக்குச் சைக்கிள்தான் வாழ்க்கை! எங்கள் ஊரைப் பற்றி அப்படி ஒரு பாட்டு ஏன் இல்லை என்று அன்றே நினைத்தேன்.

கடைசிப் பாட்டு தம்பியைப் பற்றியது. பிற்பகல் மூன்றரை ஆகப்போகிற நேரத்திலும் அறைக்குள் புகைத்துக்கொண்டு கிடக்கும் தம்பியை அக்கா திட்டுகிறாள். அவன் பெயரே பாட்டின் பெயர். அக்காமார் தம்பிமாரைத் திட்டுகிற ராகம் லண்டனிலும் இங்கும் ஒன்றுதான். அந்தத் தம்பி பிறகு பெயர்பெற்ற நடிகர் ஆனார் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பிடிக்காதவையும் அதில் உண்டு. பிரிந்துபோன காதலனின் உடல் குறையைச் சொல்லி அவமானப்படுத்தும் ஒரு பாட்டு இருக்கிறது. அது நியாயம் இல்லை என்று மருமகளிடமே சொன்னேன். கெட்ட வார்த்தைகள் வரும் பாட்டுகளைக் கோயில் வீதியில் போடவும் மாட்டேன். எங்கள் பிள்ளை அவற்றை எடுக்கவில்லை. தன் ஊரைத் தன் வாயால் பாடும் துணிவை எடுத்தாள்.

அக்காவும் மருமகளும் ஆகஸ்ட் முதல் வாரத்தில் திரும்பினார்கள். 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கி, வன்னியை வெளியுடன் இணைத்த ஏ9 பாதை மூடப்பட்டது. இறுவட்டு என்னிடம் தங்கியது. 2009இல் இறுதிப் போரின்போது விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஓடியதில் அதுவும் போனது. அம்பிளிபயரை ஒரு பங்கர் ஓரமாகப் புதைத்தேன். பிறகு தோண்டப் போனபோது இடத்தையே கண்டுபிடிக்க முடியவில்லை. செட்டிகுளம் முகாம், மீள்குடியேற்றம், கடன் எடுத்து வாங்கிய புதிய பெட்டிகள்.

இனி அந்த மாலைக்கு வருகிறேன். பிள்ளைக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கிறாள். பின்னேரங்களில் என் கடைக்கு வந்து வயர் சுற்றுவாள், மிக்சரில் எந்தக் குமிழ் எதற்கு என்று கேட்பாள். அவள் எழுதிய பாட்டு ஒரு புதன்கிழமையைப் பற்றியது. நுண்கடன் தவணை வசூலிக்கிறவரின் மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பும் சத்தம் கேட்டதும் அம்மா கிணற்றடியில் ஒளிகிறாள். “அம்மா கிளிநொச்சிக்குப் போய்விட்டார்” என்று மகள் சொல்ல வேண்டும். அவர் நம்பிவிட்டுத் திரும்பும் நேரத்தில், வீட்டு நாய் வாலை ஆட்டிக்கொண்டு நேரே கிணற்றடிக்கு ஓடுகிறது.

அந்த இடத்தில் பெண்கள் பக்கத்தில் எழுந்த சிரிப்பு மைக் வழியாகவே எனக்கு வந்து சேர்ந்தது. முன்வரிசையில் ஓர் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மே மாதம் முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்குப் போய் மணலில் விழுந்து அழுகிறவர் அவர், நான் கண்டிருக்கிறேன். அவருக்கு அழத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கிணற்றடியில் ஒளிந்த அம்மாவை அவர் தன் வீட்டிலேயே கண்டவர். அவமானம் என்று மூடி வைத்திருந்ததை ஒரு பிள்ளை வெளியில் எடுத்து, எங்கள் எல்லோருக்கும் நடப்பதுதானே என்று காட்டியபோது வந்த சிரிப்பு அது. இதில் ஈனம் எங்கே இருக்கிறது?

மேடை ஓரத்தில் இருந்து ஒருவர் கையைக் கீழே இறக்கிச் சைகை காட்டினார். நான் குமிழைத் திருப்பினேன். முப்பது வருடப் பழக்கம். மேடையில் இருந்து சைகை வந்தால் கை தானாகப் போகும். பிள்ளையின் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. ஜெனரேற்றர் திணறியபோது ஓடிப்போய்க் குரலை மீட்டவன், நல்ல மின்சாரம் இருக்கும்போது ஒரு குரலைக் கொன்றேன். அன்றிரவு நான் உறங்கவில்லை.

பேச்சு வழக்கு மேடைக்கு ஆகாது என்கிற ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன். பயிரைத் தின்னும் விலங்கைப் பற்றி எங்கள் வன்னியில் வழங்கும் பாட்டுக்குப் பெயர் என்ன? பண்டிப் பள்ளு. பன்றிப் பள்ளு அல்ல. அதைப் பாடியவர்கள் வயல்காவலில் வாயில் வந்த சொல்லையே பாட்டின் பெயராக வைத்தார்கள். அரிவி வெட்டும்போது பாடியதை அரிவிச் சிந்து என்றார்கள். அவற்றை நாங்கள் பெருமையாக அச்சிட்டு வைத்திருக்கிறோம். அந்தக் காலத்தில் பன்றியும் குருவியும் வந்து பயிரைத் தின்றன. இன்று புதன்கிழமை மோட்டார் சைக்கிள் வருகிறது. பாட்டும் அதைத்தானே பாடும்?

இரண்டு நாள் கழித்துப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். தாய் தேநீர் தந்தார். நான் செய்தது பிழை என்று பிள்ளையிடம் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. “நீங்கள் குறைத்த பிறகும் இரண்டு வரி பாடினேன் மாமா, கேட்டதா?” என்றாள்.

கேட்கவில்லை. நாய் கிணற்றடிக்கு ஓடியதுடன் எனக்குப் பாட்டு நின்றுவிட்டது.

வருகிற பூரணை தினத்தன்று மாலை ஆறு மணிக்கு, கடைக்கு முன்னால் உள்ள மரத்தடியில் என் பெட்டிகளைக் கட்டுகிறேன். வாடகை இல்லை, மேடையும் இல்லை, சைகை காட்ட ஆளும் இல்லை. பிள்ளை பாட ஒத்துக்கொண்டிருக்கிறாள். கடிதம் எழுதிய ஐயா அவசியம் வர வேண்டும், மிக்சருக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கதிரை போட்டு வைக்கிறேன். அந்த இரண்டு வரியில் என்ன நடக்கிறது என்று அவரும் நானும் சேர்ந்து கேட்போம்.

இப்படிக்கு,
ஒலிபெருக்கி வாடகைக்காரர்,
தருமபுரம், கிளிநொச்சி.