சின்னத் தேள்தான் ஐயா பொல்லாதது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த தேள் கட்டுரையைப் படித்தேன். "கருத்துப் பெருத்த தேளுக்குத்தான் பயப்பட வேண்டும், சின்னதாகச் சிவந்திருப்பது அதிகம் செய்யாது" என்று ஒரு வரி. எழுதியவர் வட சென்னையில் எங்கள் கொருக்குப்பேட்டையில் ஒரு மழைக்காலம் குடியிருந்து பார்க்கட்டும்.

நேர்மாறு ஐயா. நட்டுவாக்காலி என்கிற அந்தப் பெரிய கருந்தேள் பார்க்கத்தான் பூதம். நண்டு மாதிரித் தடித்த கை இருப்பதால் இரையை நசுக்கியே கொன்றுவிடும். எங்கள் கொல்லைச் செங்கல் குவியலடியில் ஒன்று கரப்பானைப் பிடித்து மெல்வதை அரை மணி நேரம் பார்த்திருக்கிறேன். வால் அசையவே இல்லை. செலவான விஷம் மறுபடி ஊற நாளாகும், அதனால் சிக்கனம். செந்தேளுக்குக் கை குச்சி. கொடுக்கை நம்பித்தான் அதன் பிழைப்பு.

1994-ல் விறகுத்தொட்டியில் என் தம்பியைக் கொட்டியது அந்தச் சின்னதுதான். சுண்டுவிரல் நீளம் இருக்கும். கொஞ்ச நேரத்தில் சட்டையைப் பிழியலாம் போல வேர்வை, கை கால் ஜில்லென்று ஆகி வாந்தி. முதலில் தூக்கிப்போன இடத்தில் "சின்னதுதானே" என்று வலி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். உங்கள் கட்டுரையாளரிடம் பாடம் கேட்டவர்களோ என்னவோ! ராத்திரி மூச்சு வாங்க ஆரம்பித்தது. வேறு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் ரத்தக்கொதிப்பு மாத்திரை கொடுத்தார். "தேள் கடிக்குப் பிரஷர் மாத்திரையா?" என்று அம்மா சண்டைக்கே போய்விட்டார். அந்தப் பிரசோசின்தான் தம்பியை மீட்டது. அதைத் தேள்கடிக்குக் கொடுத்துக் காட்டிய மகாராஷ்டிரத்து மஹாட் ஊர் டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கருக்கு 2022-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். தங்களுக்குத் தெரியாததா? ஆனால் முழுப் பக்கக் கட்டுரையில் அவருக்கு ஒரு வரி இல்லை; கொட்டின இடத்தில் வெங்காயம் தேய்ப்பதற்கு அரைப் பத்தி இருக்கிறது.

சரி, வட சென்னை என்றாலே உங்களுக்கு வெட்டுக்குத்து, இல்லையென்றால் எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல். இப்போது தேள். படத்துக்குக் கீழே வியாசர்பாடி என்று போட்டிருக்கிறீர்கள். பின்னால் தெரிவது ராயபுரம் ரயில் நிலையத்துத் தூண்! போன வருடம் தண்ணீர் லாரி பற்றி நான் எழுதிய கடிதத்தில் என் பேரையும் ஊரையும் முழுசாகப் போட்டு, விஷயத்தை வெட்டிவிட்டீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

கேட்பது ஒரு பெட்டிச் செய்திதான். செந்தேள் கொட்டினால், அதுவும் குழந்தையைக் கொட்டினால், காத்திருக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லுங்கள். இடம் இல்லை என்பீர்கள். அந்த வெங்காயத்தை எடுத்துவிட்டால் கிடைக்கும்.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டை வாசகர்